விலை சொல்லும் பாட்டு

குழந்தைத் திருமணத்துக்கு எதிரான பாட்டுன்னு சொன்னாலே கொஞ்சம் சலிப்பு வரும். கருத்து இருக்கும், பாட்டு இருக்காது. ஆப்கானிய ராப் பாடகி சொனிட்டா அலிசாதேயின் 'விற்பனைக்கு மகள்கள்' (2014) அப்படி இல்லை.

காணொளியில் மணப்பெண் உடை, காயம்பட்ட முகம், நெற்றியில் பார்கோடு. பிரச்சாரப் படிமங்கள்தான். ஆனால் குரல் மேடைக்குரல் அல்ல. யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே என்று தாழ்ந்து தொடங்கி, பிறகுதான் வேகமெடுக்கிறது. உலகத்தைப் பார்த்து முழங்குவதைவிட வீட்டைப் பார்த்துப் பேசுகிறது. ராப்புக்கே உரிய 'நான்' இங்கே பெருமை பேசவில்லை, தன் விலையைக் கேட்கிறது.

சொனிட்டா அப்போது டெஹ்ரானில் அகதி. பெண் தனியாகப் பாடி வெளியிட அங்கே அனுமதியில்லை. அண்ணன் கல்யாணத்துக்குப் பெண்வீட்டாருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். அதற்காக இவரை 9,000 டாலருக்குக் கட்டிக்கொடுக்க வீட்டில் திட்டம். அம்மாவும் சிறுவயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவர்தான்.

2016இல் சண்டான்ஸ் விழாவில் பரிசு பெற்ற 'சொனிட்டா' ஆவணப்படத்தில், இயக்குநர் ரொக்சாரே காஎம் மகாமி அந்த அம்மாவிடம் 2,000 டாலர் கொடுத்து ஆறு மாத அவகாசம் வாங்குகிறார். அந்த இடைவெளியில்தான் பாட்டு உருவாகிறது.

இயக்குநர் கதைக்குள்ளே கைவைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் எனக்கு அதுதான் படத்தின் நேர்மையான இடம். பாட்டு ஒரு பெண்ணைக் காப்பாத்திடுச்சுன்னு சொல்லிக் கைதட்டுவது சுலபம். என்னை விற்காதே என்று பாடுவதற்கே முதலில் யாரோ பணம் கட்ட வேண்டியிருந்தது என்பதைப் படம் மறைக்கவில்லை.