மூலமும் மேற்கோளும்: 'இரட்டை வழக்கு' ஆய்வுகளை முன்வைத்து

1. தமிழின் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிடும் ஆய்வேடுகளில் தவறாது இடம்பெறுவது, சார்லஸ் பெர்குசன் 1959-இல் 'வேர்ட்' இதழில் எழுதிய கட்டுரை. அதனைச் சுட்டுவோர் அனைவரும் அதனைப் படித்துள்ளனரா என்னும் ஐயம், சில ஆய்வேடுகளைப் படிக்கும்போது எழுகிறது.

2. பெர்குசன் தமிழை ஆராய்ந்தே இக்கோட்பாட்டை நிறுவினார் என எழுதும் மாணவர் உளர். அவர் அடிப்படையாகக் கொண்டவை அரபு, நவீன கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் ஆகிய நான்கே. பயன்பாடு, மதிப்பு, இலக்கிய மரபு, கற்கும் முறை முதலான ஒன்பது கூறுகளை இவற்றைக் கொண்டே விளக்கினார். லத்தீன், சீனம் ஆகியவற்றோடு தமிழும் கூடுதல் எடுத்துக்காட்டாகச் சில வரிகளில் மட்டும் சுட்டப்படுகிறது. எனவே, ஒன்பது கூறுகளும் தமிழில் எவ்வாறு அமைகின்றன என்பதைத் தரவுகளால் நிறுவும் கடமை ஆய்வாளருடையது. அடிக்குறிப்பு அதற்கு ஈடாகாது.

3. இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. பெங்களூர் அல்சூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று வீட்டில் தமிழும் கடைவீதியில் கன்னடமும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசுவதாகக் கொள்வோம். இதனை 'இரட்டை வழக்கு' எனக் கூறிப் பெர்குசனைச் சான்று காட்டுவது பொருந்தாது. அவர் பேசியது ஒரே மொழியின் இருவேறு வழக்குகளைப் பற்றியே. வெவ்வேறு மொழிகளுக்கும் அக்கருத்தை விரித்தவர் ஜோஷுவா ஃபிஷ்மன் (1967). பராகுவேயின் ஸ்பானியமும் குவரானியும் அவர் காட்டிய எடுத்துக்காட்டு. இவ்வேறுபாட்டை அறியாத மாணவர், வீட்டில் பேசும் தமிழுக்கும் மேடைத் தமிழுக்கும் உள்ள உறவையும் தமிழுக்கும் கன்னடத்திற்கும் உள்ள உறவையும் ஒன்றெனக் கொள்வார். மேற்கோளில் நேர்ந்த பிழை முடிவையே பிழையாக்கிவிடும்.

4. மொழிபெயர்ப்பாளரும் இங்குக் கருத்தூன்ற வேண்டும். 'உயர்', 'தாழ்' என்பன சுட்டுவதற்கு எளிமை கருதிப் பெர்குசன் இட்ட பெயர்கள். அவற்றை 'உயர்ந்த மொழி', 'தாழ்ந்த மொழி' எனப் பெயர்த்தால், பேச்சுத் தமிழைப் பற்றி ஆய்வாளரே தீர்ப்பு வழங்கியதாகிவிடும்.

5. கட்டுரையைப் படிக்கும் மாணவர் மூன்றனைத் தம் சொற்களில் குறித்துக்கொள்ளல் நன்று: ஆசிரியர் தரும் வரையறை, அவர் கையாண்ட தரவு, அவரே வகுத்த எல்லை. மூலம் கிடைக்காதவிடத்துத் தாம் படித்த நூலையே சுட்டுதல் குறையன்று. படிக்காததைப் படித்ததாகக் காட்டுவதே குறை. முன்னோர் கருத்தை 'என்ப' எனக் கூறி எடுத்துரைத்தவர் தொல்காப்பியர். தம் கூற்று எது, பிறர் கூற்று எது எனப் பிரித்துக்காட்டும் அந்நெறி நமக்குப் புதிதன்று. அதனுடன் பெயரும் ஆண்டும் பக்கமும் சேர்ப்பதே இன்றைய ஆய்வு வேண்டுவது.