புதரடியில் இரண்டு பேர்

யுத்தக் கதை என்றால் வெடிச் சத்தம் வேண்டும் என்று யார் தீர்மானித்தார்களோ தெரியவில்லை. 1958-ல் வந்த ‘ஸீ ஆஃப் ஸாண்ட்’ என்ற பிரிட்டிஷ் படம் அதற்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில், லிபியப் பாலைவனத்தில் எதிரியின் பின்புறம் வெகுதூரம் போய் வேவு பார்த்த படையின் கதை. அலமேன் சண்டைக்கு முன் ஒரு கோஷ்டி எதிரியின் பெட்ரோல் கிடங்கைத் தகர்க்கப் போகிறது. மணலை நன்றாகவே படம் பிடித்திருக்கிறார்கள்.

அந்தப் படையில் தகவல் அதிகாரியாக இருந்த கென்னடி ஷா 1945-ல் எழுதிய புஸ்தகத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் புதைபொருள் ஆராய்ச்சிக்காரர். 1940-ல் எகிப்தில் படையை அமைத்த பாக்னோல்டோ, காற்றில் மணல் நகர்வதைப் பற்றி விஞ்ஞான நூலே எழுதியவர். லாரியின் இரும்புக்கருகில் காந்த ஊசி பொய் சொல்லும் என்பதால், நிழலைக் கொண்டு திசை காட்டும் கருவியை உபயோகித்தார். கோஷ்டிக்கு வழி கணிக்க ஒருவன், கம்பியில்லாத் தந்திக்கு ஒருவன், லாரியைச் செப்பனிட ஒருவன். வீரர்கள் என்பதைவிடத் தொழிலாளிகள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

1942 மார்ச் முதல் ஜூலை வரை அவர்கள் செய்த காரியம் இது. திரிப்போலியிலிருந்து வரும் கடற்கரைச் சாலையில், இத்தாலியர் எழுப்பிய பெரிய வளைவுக்குச் சில மைல் தள்ளி, விடியுமுன் இரண்டு பேர் புதரடியில் வந்து படுத்துவிடுவார்கள். பகல் முழுவதும் எழுந்திருக்கக் கூடாது. போகிற டாங்கி எத்தனை, லாரி எத்தனை, என்ன வகை என்று குறிக்க வேண்டும். இருட்டியதும் சாலைக்கு இன்னும் கிட்டே போய், உருவத்தையும் சத்தத்தையும் கொண்டு கணக்கெடுக்க வேண்டும். மறுநாள் வேறு இருவர். ஒரு கோஷ்டி காவலிலிருக்க, ஒன்று வந்துகொண்டிருக்கும், ஒன்று திரும்பிக்கொண்டிருக்கும். ரோம்மலுக்கு என்ன வந்து சேருகிறது என்று கெய்ரோவிலிருந்தவர்கள் கணிக்க இது உதவியது.

ஷா இதை அலங்காரமில்லாமல் சொல்கிறார். நாவலாசிரியராக இல்லாதது அவருக்கு நல்லதாயிற்று. நம் பத்திரிகாசிரியரானால் “சம்பவம் எங்கே, ஸார்?” என்று கேட்பார். சம்பவம் நடக்காமலிருப்பதுதான் இங்கே ஜயம். துப்பாக்கி வெடித்தால் காரியம் கெட்டது. பெட்ரோல் கிடங்கில் இந்தச் சங்கடம் இல்லை, பற்ற வைத்தால் எரியும்.

படக்காரர்களை நான் ரொம்பவும் ஏசத் தயாராயில்லை. லாரிகளை எண்ணிக்கொண்டு கிடக்கும் இரண்டு பேரைப் பற்றி, வேறொன்றும் நடக்காமல், இருபது பக்கம் எழுதிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். நாலாவது பக்கத்தில் ஒரு இத்தாலியச் சிப்பாய் புதரை நோக்கி நடந்து வந்துவிட்டான்.