கோபுரத்தின் தலையைக் கறுப்பாக்கும் கண்ணாடி

காஞ்சிரங்குளம் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். நெய்யாற்றின்கரையிலிருந்து கடல் பக்கமாகப் போனால் வரும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் பூவாறு, நெய்யாறு கடலில் சேருகிற இடம். காஞ்சிரங்குளத்துத் தேவாலயத்தின் படம் ஒன்று திருவிழா நோட்டீசுக்கு வேண்டும் என்று அத்தான் கேட்டார். “சூரியன் அடையுற நேரம், வானம் நல்லா செவந்து கெடக்கணும், கோபுரம் வெள்ளையா நிக்கணும், கேட்டியா?”

அந்த ஆலயத்தின் முகப்பு கிழக்கு பார்த்தது. காலை ஏழரைக்கு வந்தால் வெயிலே வெள்ளையடித்துத் தரும், எந்தக் கருவியும் வேண்டாம். மாலையில் சூரியன் கோபுரத்தின் முதுகுக்குப் பின்னால் இறங்குகிறது. வானம் கொதிக்கிறது, சுவர் நிழலில் கிடக்கிறது. வானத்துக்கு அளந்தால் கோபுரம் கரிக்கட்டை. சுவருக்கு அளந்தால் வானம் வெள்ளைத்தாள்.

இதற்கென்றே வாங்கி, பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தேன் ஒரு சாஃப்ட் கிராஜுவேட்டட் என்.டி. ஃபில்டரை. 100 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரம், ரெசின் தகடு. மேல்பாதி சாம்பல், கீழ்ப்பாதி தெளிவு, நடுவில் ஒன்று மற்றொன்றில் கரைகிறது. 0.9 அடர்த்தி என்றால் மூன்று ஸ்டாப்: வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். லென்ஸின் முகத்தில் வளையம், வளையத்தின் மேல் ஹோல்டர், ஹோல்டரின் காடியில் தகடு. மேலே கீழே நகர்த்தி, சாம்பல் எங்கே தொடங்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

டிரைபாடை ஊன்றி இதையெல்லாம் மாட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சாயக்கடைப் பெஞ்சிலிருந்த பெரியவர் கேட்டார்: “கண்ணாடிக்கு முன்னால எதுக்கு மக்கா இன்னொரு கண்ணாடி?” நல்ல கேள்வி. பதில் அப்போது என்னிடம் இல்லை.

ஆறு மணிக்குச் சற்று முன் ஸ்பாட் மீட்டரில் அளந்தேன். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. கோபுரத்தை ஒட்டிய வானம் 1/500 நொடி கேட்டது. நிழலிலிருந்த சுவர் 1/15. நடுவில் ஐந்து ஸ்டாப், அதாவது முப்பத்திரண்டு மடங்கு. தகட்டை இறக்கியதும் வானம் 1/60க்கு வந்தது. மிச்சம் இரண்டு ஸ்டாப்தான், எந்தக் கேமராவும் தாங்கும். மனசுக்குள் கைதட்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வானம் அருமை. வாசல் அருமை. கோபுரம் மட்டும் கீழே வெள்ளையாகத் தொடங்கி, மணிக்கூண்டில் சாம்பலாகி, சிலுவையில் கறுத்துப்போயிருந்தது, புகைபோக்கி மாதிரி. தகட்டுக்கு எது வானம், எது கோபுரம் என்று தெரியாது. மேல்பாதியில் இருப்பதையெல்லாம் ஒரே அளவில் இருட்டாக்கும். சிலுவைக்கும் அதன் பின்னாலிருக்கும் வானத்துக்கும் உள்ள ஐந்து ஸ்டாப் அப்படியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மூன்று படி கீழே இறங்கியதுதான் மிச்சம். கடைக்காரரும் சொல்லவில்லை, பெட்டியிலும் எழுதவில்லை. நேர்கோடாகத் தொடுவானம் கிடைக்கும் பூவாறு கடற்கரையில் மறுநாள் இதே தகடு பிரமாதமாக வேலை செய்தது. உப்புக்காற்றில் அரை மணிக்கொரு தரம் துடைக்க வேண்டியிருந்தது, துடைத்ததில் மெல்லிய கீறல் ஒன்றும் விழுந்தது. ரெசின் அப்படித்தான். 16 மி.மீ. வைடில் ஹோல்டரின் விளிம்பு மூலைகளில் தெரிகிறது, 20க்கு மேல் போனால் இல்லை.

இந்த வானத்தோடு மல்லுக்கட்டுவது பழைய கதை. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். அன்றைய நெகட்டிவுக்கு நீல ஒளி என்றால் கொள்ளை ஆசை; கட்டடம் பதிவதற்குள் வானம் வெந்துபோகும், அச்சில் வெறும் வெள்ளைதான் வரும். பர்மாவில் எடுத்த படங்களில் டிரைப் நெகட்டிவின் மேலேயே நிறம் பூசி மேகம் வரைந்திருக்கிறார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ் எடுத்து ஒட்டினார். இன்று நாம் பிராக்கெட்டிங் என்று பெயர் வைத்துச் செய்வதும் அதைத்தான்.

அதையும் செய்து பார்த்தேன். தகட்டைக் கழற்றிவிட்டு 1/250, 1/60, 1/15 என்று மூன்று ஃபிரேம், பிறகு மென்பொருளில் ஒன்றாக்குவது. கோபுரம் தலைமுதல் கால்வரை ஒரே வெள்ளையாக நின்றது. ஆனால் கடற்காற்று நிற்காத ஊர். மூன்று படத்திலும் தென்னை ஓலை மூன்று இடத்தில் இருந்தது, சேர்த்தபோது ஒவ்வொரு ஓலைக்கும் ஒரு பேய் முளைத்தது. அக்கா மகனின் போன் கையில் பிடித்தபடியே ஒரு நொடியில் எச்.டி.ஆர். செய்து காட்டியது. சின்னத் திரையில் என் எல்லாப் படங்களையும் விட அதுதான் அழகு. பெரிதாக்கினால் கோபுரத்தைச் சுற்றி ஒரு வெளிறிய ஓரம், புனிதர் படத்து ஒளிவட்டம் போல. ஆலயத்துக்குப் பொருத்தம்தான், ஆனாலும் நோட்டீசில் அச்சேறினால் பல்லிளிக்கும்.

கடைசியில் கைகொடுத்தது வெறும் காத்திருப்பு. தை மாதம் அங்கே சூரியன் 6.20 தாண்டி மறைகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும். அந்தி இருபது நிமிடச் சமாச்சாரம். 6.40க்குக் கோபுரத்துக்கு ஃபோகஸ் லைட் போட்டார்கள். அளந்தேன்: வானம் அரை நொடி, சுவர் ஒரு நொடி. ஒரே ஒரு ஸ்டாப் வித்தியாசம். தகடும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம். ஒரே கிளிக், பிறகு ரா ஃபைலில் வானத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து வானம் மையாகிவிட்டது.

ஆக, கடலும் வயலும் எடுப்பவர் இந்தத் தகட்டை வாங்கலாம். கோபுரம், வீடு, பாலம் எடுப்பவர் அந்தக் காசுக்கு ஆடாத டிரைபாடும் ஒரு ரிமோட்டும் வாங்கட்டும்.

அத்தான் படத்தைப் பார்த்தார். “கொள்ளாம். ஆனா வானம் நீலமால்லா இருக்கு? செவப்பு கேட்டேன்லா?”

நோட்டீஸ் அச்சாகி வந்தது. வானம் ரத்தச் சிவப்பு. கோபுரத்துக்குப் பின்னால், நான் எடுக்காத இரண்டு பறவைகளும் பறந்துகொண்டிருந்தன.