பிழைத்த குழந்தையின் கதை

1990-இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ உருக்கமான படந்தான். மூளை வளர்ச்சி குன்றிய மகளுக்காகப் பெற்றோர் அக்கம்பக்கத்தாரோடு படும் பாட்டை நன்றாகவே சொல்கிறது. ஆனால் முடிவில் குழந்தை இறந்துவிடுகிறது. நாமும் அழுதுவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறோம். அந்த நிம்மதிதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், செங்கற்பட்டு மாவட்டத்து முட்டுக்காட்டில், பல குறைபாடுகள் ஒருங்கே உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அங்கே வரும் குழந்தைகள் பிழைத்திருப்பவர்கள். ‘எங்களுக்குப் பிறகு இதற்கு யார்?’ என்பதே பெற்றவர்களின் கவலை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அவர்கள் மனுச் செய்தால், கலெக்டர் தலைமையிலுள்ள குழு வயது வந்த பிள்ளைக்கும் பாதுகாவலரை நியமிக்கலாம். அந்த மனுவைக் கையில் பிடித்து அலையும் தகப்பனாரைப் பற்றி யாராவது நாவல் எழுதினால், முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.