குடக்கூலி வீடும் ஒரு நாவலும்

வாடகை வீட்டுக் கதை என்றால் வீட்டுக்காரரைக் கொடியவராக்கிவிடுவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். வாசகருக்கும் கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். புத்தகத்தை மூடியதும் கோபமும் அடங்கிவிடுகிறது. நானும் கதை எழுதுகிறவன். இது எவ்வளவு சுலபம் என்பதை அறிவேன்.

1973-ல் நூலாக வந்த அசோகமித்திரனின் 'தண்ணீர்' இந்தச் சுலபத்தை நாடவில்லை. முழுப் பழியையும் அது யார் தலையிலும் சுமத்துவதில்லை. சென்னையில் வாடகை அறையில் குடியிருக்கும் ஜமுனாவுக்குக் குழாய்த் தண்ணீரும் நிச்சயமில்லை, வாழ்க்கையும் நிச்சயமில்லை. அவளுக்குத் துணை அதே தெருவிலிருக்கும் டீச்சரம்மாதான். டீச்சரம்மா சொல்வது வெறும் உபதேசமல்ல. தன் மணவாழ்க்கையின் கசப்பையும் மறைக்காமல் எடுத்து வைக்கிறாள்.

அந்தப் பேச்சால் எந்தச் சங்கடம் தீர்ந்தது என்று சிலர் கேட்கலாம். தீராததுதான் நாவலின் உண்மை என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டில் 2019-ல் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், குடித்தன ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'காலி செய்யுங்கள்' என்று கேட்ட இரவில் மனிதன் முதலில் தேடிப் போவது சட்டப் புத்தகத்தையல்ல. தன்னைப்போலவே அல்லற்பட்ட இன்னொருவரைத்தான். அந்த உறவை மிகைப்படுத்தாமல் சொன்னதற்காகவே இந்நாவலை மறுபடியும் படிக்கலாம்.