ரிமோட்டுக்கு அடங்கிய கணினி

ஹாலில் டிவியோடு இணைத்த கணினிக்கு எந்த இயங்குதளம்? விண்டோஸ் போட்டால் படத்தின் நடுவே அப்டேட் கேட்கும். என் மனம் லினக்ஸில் ஓடும் வி.டி.ஆர். என்ற டிவிப் பதிவு மென்பொருள் பக்கம். ஜெர்மானியர் கிளாவ்ஸ் ஷ்மிடிங்கர் 2000-இல் வெளியிட்டது. சாட்டிலைட் கார்டு செருகிய பழைய கணினியை ரெக்கார்டராக்கிவிடும். கீபோர்டு வேண்டாம், ரிமோட்டில் அம்புக்குறிகள், எண்கள், நான்கு வண்ணப் பொத்தான்கள் போன்றவை போதும். மெனு வெறும் எழுத்து வரிசைதான், அலங்காரமே இல்லை. அதனாலேயே பாட்டிக்கும் பிடிபடும். எனக்கு மிகப் பிடித்தது விளம்பரத்தை வெட்டும் விதம்: 0 அழுத்தினால் குறி விழும், 2 அழுத்தினால் வெட்டிய பிரதி தனியாகத் தயாராகும், மூலப் பதிவுக்குச் சேதமில்லை. ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். போன்ற பொதுச் சேனல்கள் அஸ்ட்ரா செயற்கைக்கோளில் பூட்டின்றி வரும் ஜெர்மனியில் இப்படிப் பதிவுசெய்வது பெரிய வசதி. சேர்த்துவைத்த படங்களைப் பார்த்தால் போதும் என்பவருக்கு லிப்ரிஎலெக் என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது.