முதலில் துப்பாக்கி, அப்புறம் டைல்ஸ்

பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லியை வாங்குகிறவர்கள் செலவு செய்யும் வரிசை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதலில் கண்ணாடித் தொட்டி, பிறகு விளக்கு, பிறகு அடியில் பரப்ப மணலோ பிளாஸ்டிக் புல்விரிப்போ. காசு மிஞ்சினால் தொட்டிச் சுவரில் ஒட்டுகிற வட்ட வெப்பமானி ஒன்று. நான் இங்கே பேசப்போகும் கருவி அந்தப் பட்டியலிலேயே இருக்காது. விசையை அழுத்தினால் எதிரே இருக்கும் பரப்பின் சூட்டைத் தொடாமலே சொல்லிவிடும் அகச்சிவப்பு வெப்பமானி அது. கடைக்காரர் பேச்சில் 'டெம்பரேச்சர் கன்'. ஏசி மெக்கானிக் பையில் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக இணையத்தில் கிடைக்கிறது. விளக்குக்கும் மணலுக்கும் முன்னால் வாங்கவேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

சோதனைக்களம் காரவள்ளி. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் வரும் கொல்லிமலை அடிவாரம். 70 கொண்டை ஊசி வளைவுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மேலே செம்மேடு ஆயிரம் மீட்டருக்கு மேல். மார்கழியில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. கீழே காரவள்ளியில் சித்திரை வெயில் சிமென்ட் ஷீட் கூரை வழியாக இறங்கி அறையையே அடுப்பாக்கும். ஒரே மலையின் தலைக்கும் காலுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, 'நூறு வாட் பல்பு மாட்டு' என்று எங்கோ குளிர்நாட்டில் எழுதிய குறிப்பை வைத்து எப்படித் தொட்டி அமைப்பது? அங்கே கவலை சூடு போதவில்லை என்பது. இங்கே கவலை நேர் எதிர்.

டிராகன் என் சித்தி மகனுடையது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிதான் இந்த இனத்தின் பூர்வீகம். வளர்ந்தால் தலை முதல் வால் நுனி வரை ஒன்றரை அடி, சிலது இரண்டடியையும் தொடும். கோபம் வந்தால் தொண்டை தாடிபோலக் கறுத்து விரியும். பெயர் அதனால் வந்தது. சித்திக்கு இது வெளிநாட்டு ஓணான், அவ்வளவுதான். "ஏங்கண்ணு, நம்ம அடுப்படிக்கே இன்னும் டைல்ஸ் ஒட்டல, உன் தம்பி ஓணானுக்கு ஒட்டறானே!" என்றார். நியாயமான கேள்வி. டைல்ஸ் ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தப் பிராணிக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கத் தெரியாது. வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். தொட்டியின் ஒரு கோடியில் விளக்குக்கு நேர் கீழே இருக்கும் கல், வளர்ந்த டிராகனுக்கு 38 முதல் 42 டிகிரி வரை சூடாக இருக்கலாம். மறுகோடி 25 முதல் 29 வரை. சூடேறியதும் அங்கே போய் ஆறிக்கொள்ளும், மறுபடி வரும். இந்த இரண்டு எண்களையும் சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானி சொல்லாது. அது சொல்வது அந்தச் சுவரோரக் காற்றின் சூட்டை. ஊர்வனவோ கல்லின்மேல் வயிற்றை வைத்துப் படுக்கிறது.

துப்பாக்கியை முதன்முதலில் பிடித்தபோதே தொட்டியின் கதை வெளியில் வந்துவிட்டது. விளக்கடிக் கல் 47. குளிர்ந்த மூலை என்று பெயர் வைத்திருந்த மூலை 35. அதாவது அந்த உயிருக்கு ஒதுங்க இடமே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை 'கொட்டாவி விடுதுங்ணா' என்று தம்பி நினைத்திருந்தான். வெயில் காயும்போது சிறிது நேரம் வாய் திறப்பது சாதாரணம். குளிர்ந்த மூலையில் போய் உட்கார்ந்தும் திறந்தே வைத்திருந்தால் கொதிக்கிறது என்று பொருள். விளக்கை 50 வாட் ஹாலஜனுக்கு மாற்றி, தொட்டியை ஷீட் அறையிலிருந்து ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தின் உள்சுவர் ஓரம் கொண்டுவந்தோம். கல் 40, மூலை 29. விளக்கு ஒன்றும் விலை உயர்ந்ததல்ல, மின்சாதனக் கடைச் சரக்கு.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தவறாகப் பிடித்தால் தவறாகவே சொல்லும்.

கொரோனா காலத்தில் வாசலில் நின்று நெற்றியில் பிடித்த துப்பாக்கி பல வீட்டு அலமாரியில் தூங்குகிறது. அதை எடுக்காதீர்கள். அது மனித உடம்புக்கென்று கணக்குத் திருத்திக் காட்டுவது. ஜுரத்துக்கு மேற்பட்ட சூடு அதன் பாடத்திட்டத்திலேயே இல்லை. தொழிற்சாலை வகை வேண்டும். பெட்டியில் 12:1 என்று ஒரு விகிதம் போட்டிருக்கும். பன்னிரண்டு செ.மீ. தூரத்தில் பிடித்தால் ஒரு செ.மீ. வட்டத்தைப் பார்க்கும், ஒரு மீட்டரில் பிடித்தால் எட்டு செ.மீ. வட்டத்தின் சராசரியைச் சொல்லும் என்று அர்த்தம். சிவப்பு லேசர் புள்ளிதான் அளக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது வெறும் குறிகாட்டி. அளப்பது அதைச் சுற்றியுள்ள வட்டம். ஆகவே ஒரு சாண் தூரத்துக்கு வந்து பிடியுங்கள். பிராணியின் கண்ணில் லேசர் படக்கூடாது. அதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன், பக்கத்து வீட்டுப் பையன்கள் விளையாடியதைப் பார்த்தபின் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பிடித்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். அகச்சிவப்பு சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. தொட்டிக் கதவைத் திறந்துதான் அளக்கவேண்டும். பளபளப்பான உலோகத்திலும் ஏமாற்றும். சித்தி விளையாட்டாகப் பழகிக் கறுத்த இரும்பு தோசைக்கல்லில் பிடித்தார், சரியாகக் காட்டியது. பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்த எவர்சில்வர் பாத்திரத்தில் பிடித்தார், குளித்துவிட்டு வந்ததுபோல ஓர் எண்ணைக் காட்டியது. மெருகேற்றிய உலோகம் தன் சூட்டை வெளியே வீசுவது குறைவு, சுற்றுப்புறத்தைப் பிரதிபலிப்பது அதிகம். டைல்ஸ், கல், மண், மரக்கட்டை, பல்லியின் தோல் எல்லாம் இந்தக் கருவிக்கு ஒத்துவரும் பரப்புகள். டிராகனின் முதுகையே அளந்துவிடலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த வசதி.

இனி தரை. ஒரே விளக்கடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் என் தேர்வு, வழுக்காத வகை தரை டைல்ஸ். குளியலறைக்குப் போடும் சொரசொர ரகம். பளபள ரகத்தில் நகம் பிடிக்காமல் பின்கால் அகன்று சறுக்கும். டைல்ஸ் சீக்கிரம் சூடேறும், சமமாகச் சூடேறும், எடுத்துக் கழுவிக் காயவைக்கலாம். தரையில் ஒட்டாமல் சும்மா பரப்பினாலே போதும், இடைவெளி மட்டும் இருக்கக்கூடாது; பூச்சி அதில் புகுந்துகொண்டு ராத்திரி வெளியே வந்து தூங்கும் டிராகனைக் கடிக்கும். விளக்கடியில் மட்டும் ஒரு கடப்பாக் கல் துண்டு. கறுப்பு என்பதால் சூட்டை நன்றாக வாங்குகிறது, விளக்கை அணைத்தபிறகும் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறது.

செய்தித்தாள் அழகில்லாதது, ஆனால் புதிதாக வந்த பிராணிக்கு முதல் சில வாரங்கள் அதைவிட நல்லது இல்லை. எச்சம் எப்படி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் புல்விரிப்பின் நூல் விரலில் சுற்றி இறுக்கிவிடும். தென்னை நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஐப்பசி மழையில் காரவள்ளிக் காற்றுக்கு அது வேறு வேண்டாம்.

மணல்தான் சண்டைக்குரிய விஷயம். 'பாலைவனப் பிராணி, மணலில்தானே வாழும்' என்பார்கள். அதன் ஊரில் இருப்பது பெரும்பாலும் இறுகிய செம்மண், மேலே கட்டைகளும் வேலிக்கம்பங்களும். கடற்கரை மணல் அல்ல. பூச்சியைப் பிடிக்க நாக்கை நீட்டும்போது உதிரி மணலும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். 'கால்சியம் மணல்' என்று பை போட்டு விற்பது இன்னும் மோசம். சத்து என்று நினைத்து வேண்டுமென்றே நக்கும், குடலில் கட்டியாகும். குட்டிகளுக்கு உதிரித் தரை கூடவே கூடாது. ஆனால் எல்லாக் குடல் அடைப்புக்கும் மணல்மேல் பழிபோடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. உடம்பு போதிய சூடு ஏறாவிட்டால் செரிமானம் நின்றுவிடும், டைல்ஸ்மேல் தின்ற புழுவும் உள்ளேயே கிடக்கும். தண்ணீர்க் குறைவு, அளவுக்கு மீறிய பெரிய பூச்சி, கால்சியக் குறைபாடு எல்லாமே சேர்ந்துதான் அடைப்பில் முடிகிறது. தரையும் தீனியும் இரண்டு தனிப்பட்ட கேள்விகள் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். இரண்டையும் இணைப்பது அந்தக் கல்லின் சூடு.

எனவே தீனிக்கும் துப்பாக்கிதான் மணியடிக்கவேண்டும். காலையில் விளக்குப் போட்டு, கல் 38 ஏறி, டிராகன் அதில் ஒரு மணி நேரமாவது காய்ந்தபிறகு முதல் தீனி. கடைசித் தீனிக்கும் விளக்கு அணைவதற்கும் இடையே இரண்டு மணி நேரம் இருக்கட்டும். கரன்ட் போன நாளில் பூச்சி போடவேண்டாம். ஒருநாள் பட்டினி அதற்கு ஒன்றுமே இல்லை.

பூச்சியின் நீளம் டிராகனின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக்கூடாது. குட்டிக்குப் பூச்சி அதிகம், வளர்ந்ததற்குக் கீரை அதிகம். கீரை விஷயத்தில் நம் ஊர் கொடுத்துவைத்தது. முருங்கைக்கீரையில் கால்சியம் கொட்டிக்கிடக்கிறது. பொடியாக நறுக்கிப் பரங்கித் துருவலோடு கலந்தால் போதும். செம்பருத்திப் பூவைக் கண்டால் தம்பியின் டிராகன் ஓடிவரும். பசலையும் முளைக்கீரையும் எப்போதாவது மட்டும். அவற்றிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

பூச்சிமேல் தூவும் கால்சியப் பொடியில் நாமக்கல்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. கோழிப்பண்ணை ஊர் என்பதால் தீவனக் கடையில் 'கால்சியம்' என்று கேட்டால் டி.சி.பி. எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது டைகால்சியம் பாஸ்பேட். பூச்சிகளில் ஏற்கெனவே பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. உணவில் மொத்தமாகப் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு கால்சியம் வேண்டும் என்பது கணக்கு. பாஸ்பரஸ்மேல் பாஸ்பரஸைத் தூவி எலும்பை வளைக்கவேண்டாம். பாஸ்பரஸ் இல்லாத, ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் கால்சியம் கார்பனேட் பொடியைக் கேளுங்கள்.

காசு மிச்சம் என்று தெருவிளக்கடியிலும் காட்டோரத்திலும் பூச்சி பிடிப்பது இன்னொரு ஆபத்து. மரவள்ளி, நிலக்கடலைக் காட்டில் மருந்தடித்திருப்பார்கள். அதைவிட மோசம் மின்மினி. மின்மினி தின்று பியர்டட் டிராகன்கள் செத்ததை 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரே ஒரு பூச்சி போதும். அடிவாரத்தில் மழைக்குப்பின் வீட்டுக்குள்ளேயே மின்மினி பறக்கும். தொட்டிக்குக் கொசுவலை மூடி போட்டது அதற்காகத்தான்.

துப்பாக்கியால் முடியாதவையும் உண்டு. ராத்திரி எவ்வளவு குளிர்ந்தது என்று அது நினைவில் வைக்காது. செம்மேட்டுக்காரர்களுக்கு அது முக்கியம். குறைந்த அளவு, கூடிய அளவு, ஈரப்பதம் மூன்றையும் காட்டும் கம்பி வைத்த டிஜிட்டல் மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கூட வாங்கிக்கொள்ளவேண்டும். புறஊதா ஒளியையும் துப்பாக்கி அளக்காது. யு.வி.பி. குழல்விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே உள்ளுக்குள் செத்துப்போகும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றவேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்குப் பதிலாகாது, யு.வி.பி. கண்ணாடியில் நின்றுவிடும். காலை வெயிலில் நிழலும் உள்ள கம்பிக் கூடையில் வைக்கலாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் கொன்றதாகும். பின்கால் இழுத்தாலோ எச்சம் நின்றாலோ எந்த மானியும் உதவாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது.

வாங்கும் முன் இன்னொன்று. பாங்காக் விமானங்களில் பெட்டிக்குள் திணித்துவரும் அயல்நாட்டு ஊர்வன சென்னையில் பிடிபடுவது வாடிக்கையான செய்தி. ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. எங்கே பிறந்தது, யார் விற்றார் என்ற ரசீது இல்லாத குட்டியை மலிவு என்று எடுக்காதீர்கள். வளர்க்க முடியாமல் போனால் மலையேற்றி விட்டுவரும் யோசனையும் வேண்டாம்.

துப்பாக்கியை வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். ஒரு டம்ளரில் உடைத்த ஐஸைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மேலிருந்து கிட்டே பிடித்து அழுத்தினால் பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி இப்படி அப்படித்தான் காட்டவேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்து வந்தவுடன் அளந்தால் தப்பாகக் காட்டும், அரைமணி நேரம் அறைச்சூட்டில் கிடக்கட்டும். அதற்கப்புறமும் ஐந்து, ஆறு என்று காட்டினால் திருப்பி அனுப்புங்கள். திரும்பப் பெறும் கெடு முடிவதற்குள்.